பொன் நிறம் பார்க்க ஒரு கை

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த நகை பொருந்தும் என்று முடிவு செய்கிறவள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிக்க வைத்து, ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு அனுப்பும்வரை பார்த்துக்கொண்டவள். அதனால் அவள் சொல்லுக்கு அப்பா எதிர்ச்சொல் பேசி நான் கேட்டதில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவள் வீடு. காலையும் மாலையும் எங்கள் வீட்டுக்குள் வந்து, நேரே சமையலறைக்குப் போய், மூடியிருக்கும் பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அத்தை சிவப்பு. எங்கள் பக்கத்தில் வெளுத்த உடம்பைச் சிவப்பு என்றுதான் சொல்வார்கள். அக்கா அத்தையைக் கொண்டு பிறந்தாள். நான் அம்மாவைக் கொண்டு, அம்மாவைவிடவும் கருப்பாகப் பிறந்தேன். இதைச் சொல்லாமல் யாரும் எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தியதில்லை. "இது பெரியவ. இது சின்னவ, அம்மா மாரி" என்பார்கள். கேட்பவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அம்மா உடனே வேறு பேச்சை ஆரம்பிப்பாள்.

நகை விஷயத்தில் அத்தையிடம் திட்டமான விதிகள் இருந்தன. சிவந்த உடம்புக்குப் பொன்னும் சிவப்புக் கல்லும். மாநிறத்துக்குப் பொன்னும் பச்சைக் கல்லும். கருத்த உடம்புக்கு வெள்ளி, வெள்ளைக் கல். ஒரு பெண்ணின் மோவாயைப் பிடித்து, சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "இவளுக்குப் பொன்னு எடுக்கும்" என்றோ "எடுக்காது" என்றோ சொல்லிவிடுவாள். எடுக்கும் என்றால் அந்த உடம்பில் அது பளிச்சென்று அழகாகத் தெரியும் என்று பொருள். எடுக்காது என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு பார்த்தாலும் எடுக்காது. அத்தை சொன்னதுதான் கண்ணாடியிலும் தெரியும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குப் பதினான்கு வயது. நகை எடுக்க அத்தையும் அம்மாவும் அக்காவும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். எனக்கும் ஒரு ஜோடித் தோடு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் லேசாகச் சொல்லி வைத்திருந்தாள்.

கடை குறுகலானது. உள்ளே மின்சாரம் இல்லை. கடைக்காரர் நீல வெல்வெட் ஒட்டிய பலகையில் சங்கிலிகளை அடுக்கி வைத்துக் காட்டினார். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருட்டுல இன்னாத்த பாக்கறது? வெயில்ல வச்சிப் பாக்கணும்" என்றாள். பலகையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். வேண்டுமானால் வாசற்படிவரை வந்து கையில் பிடித்துப் பார்க்கலாம், தானும் கூட நிற்பேன் என்றார்.

அத்தை ஒரு சங்கிலியைத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். வெளுத்த கையில் அதன் நிறம் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இங்க வா. கைய நீட்டு."

நீட்டினேன். இடது கையைத் திருப்பி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, வாசல் வெயிலில் என்னை நிறுத்தினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வரிசையாகச் சங்கிலிகளைக் கிடத்தினாள்.

"பாத்தியா! கருப்புல வச்சாதான் பொன்னோட நெறம் தெரியும். இது செம்பு தூக்கலா கீது. இது பச்ச அடிக்குது, வெள்ளி கலந்துகீறான். இதான் சரி."

உண்மையிலேயே தெரிந்தது. கடைக்குள் ஒன்றுபோல மின்னிய சங்கிலிகள் என் கையில் தனித்தனியாகப் பிரிந்தன. ஒன்று செங்கல் நிறத்துக்குப் போனது. ஒன்று வெளிறிய எலுமிச்சைபோல இருந்தது. நடுவில் கிடந்த ஒன்று வெயிலை அப்படியே வாங்கி என் தோலில் ஊற்றியதுபோல எரிந்தது. நான் அதுவரை என் கையை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அது அழகாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"எனக்கு நல்லா கீதில்ல அத்தே?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. சங்கிலியைத்தான் பார்த்தாள். "ஆங், நல்லா கீது. தார் ரோட்டுல மஞ்சத் தண்ணி ஊத்துன மாரி."

கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரித்தாள். பக்கத்துக் கடையில் கயிறு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அத்தை ஏதாவது சொன்னால் சிரித்து வைப்பது அம்மாவின் வழக்கம். ஆனால் அன்றைக்கு அது வழக்கமாகத்தான் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கிலிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அக்காவுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்தோம். தோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அத்தை இதை ஊர் முழுக்கச் சொன்னாள். தன்னுடைய கண்டுபிடிப்பு அல்லவா. அதற்கப்புறம் எங்கள் தெருவில் யார் வீட்டில் நகை எடுத்தாலும் என்னைக் கேட்டு அனுப்பினார்கள். உரலையும் ஏணியையும் கேட்பதுபோல, "உங்க சின்னப் பொண்ண கொஞ்சம் அனுப்பறீங்களா, மத்தியானத்துக்குள்ள இட்டாந்து வுட்டுடறேன்" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் இருந்தாலும் அனுப்புவாள் அம்மா. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல வீட்டுக்காரர்கள், அவர்கள் வந்து கேட்பதில் அவளுக்கு ஒரு பெருமை. கடைக்காரர் எனக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார். நான் படியேறும்போதே, "வெல்வெட்டு வந்துச்சா? அப்ப எல்லாத்தையும் எடு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அட்டிகைகள், வளையல்கள், ஆரங்கள் எல்லாம் என் கைமேல் கிடந்துவிட்டு வேறு கழுத்துகளுக்குப் போயின. அந்தப் பெண்களில் சிலர் என் வகுப்புத் தோழிகள். ஒருத்தி நகையை எடுக்கும்போது விரல் என்மேல் படாமல் நகத்தால் கொக்கியை மட்டும் பிடித்துத் தூக்கினாள். எனக்கு என்று இருந்தவை வெள்ளித் தோடும், வெள்ளி வளையலும். அவற்றை அத்தைதான் எடுத்துக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது, "இதான் உனக்கு எடுக்கும். மூஞ்சி கொஞ்சம் வெளுப்பா தெரியும்" என்றாள். வெள்ளி போட்டுக்கொண்ட நாளிலிருந்து முகம் வெளுத்திருக்கிறதா என்று நான் பார்க்காத நாளில்லை.

அம்மாவிடம் ஒரு இரட்டை வடச் சங்கிலி இருந்தது. அவள் பிறந்த ஊரான சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கொண்டுவந்தது. அது எனக்கு என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்தாள். அக்கா கல்யாணமாகிப் போன மறு வருஷம், மாமியார் வீட்டில் இன்னும் நகை கேட்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். அம்மா பெட்டியைத் திறந்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தைதான் முடித்து வைத்தாள்.

"இதுல இன்னா யோசன? சின்னவளுக்குப் பொன்னு எடுக்காதுன்னு தெரிஞ்சதுதான? பெட்டில வச்சி பூட்டிகினு இன்னா பண்ணப் போற? எடுக்கறவளுக்குக் குடு."

அம்மா கொடுத்துவிட்டாள். அத்தையின் விதிகள் எதற்குப் பயன்படும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் நிறம் கருப்பு என்பது அவளுக்கு வெறும் அழகு விஷயமல்ல. கையில் இருப்பது போதாத வீட்டில் யாருக்கு இல்லை என்று சொல்வது என்ற கேள்விக்கு அது விடை. நான் அழவில்லை. அக்கா போகும்போது வாசலில் என் கன்னத்தைத் தட்டி, "உனக்கு வெள்ளிதாண்டி லட்சணம்" என்றாள். நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். மகாபலிபுரத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருக்கிறார் என்று அத்தைக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பையனின் அம்மா வீட்டுக்கு வர மாட்டாராம். முதலில் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு, பிடித்தால் வீட்டுக்கு வருவாராம். நிறத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது.

அன்று காலையில் அத்தை வந்து என்னை அலங்கரித்தாள். கழுத்துக்கு வெள்ளைக் கல் பதித்த வெள்ளி நெக்லஸ் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருந்தாள். அம்மா தயங்கினாள்.

"கழுத்துக்கு வெள்ளியா அண்ணி? ஏதாச்சும் சொல்லப் போறாங்க."

"பொன்னு போட்டா மூஞ்சி அப்பிகினு தெரியும். நான் சொல்றேன்ல?"

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். அத்தை, அம்மா, நான். பவுடர் வியர்வையில் கரைந்து இறங்குகிறது என்று அத்தை வழியெல்லாம் தன் கைக்குட்டையால் என் நெற்றியை ஒற்றிக்கொண்டே வந்தாள். மகாபலிபுரத்தில் இறங்கியதும் கல் செதுக்கும் சத்தமும் உப்புக் காற்றும் வந்தன. பெருமாள் கோயில் பிராகாரத்தில் அந்த அம்மாள் தன் மகளோடு நின்றிருந்தார். பையன் வரவில்லை.

என்னை நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை, பாடச் சொல்லவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. நேராக என் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வெள்ளியா? எங்க வூட்ல இத கால்லதான் போடுவோம்."

அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை மட்டும் அசரவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை, தன் கழுத்திலிருந்த பொன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். வெள்ளி நெக்லஸை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது சும்மா பஸ்ல வர்றதுக்குன்னு போட்டது. பொன்னு போட்டா இவளுக்கு எப்டி எடுக்குது பாருங்க. கருப்பு ஒடம்புக்குத்தான் பொன்னு எடுக்கும். செவப்புல போட்டா தெரியவே தெரியாது."

இத்தனை வருஷமாக என்னிடம் சொன்னதற்கு நேர் எதிரானதை, குரலில் சிறு நடுக்கம்கூட இல்லாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது பொய் சொல்கிற முகம் இல்லை. அப்போது அதையும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மாள் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பொன்னு நல்லாத்தான் எடுக்குது. பொண்ணுதான் எடுக்கல."

அவ்வளவுதான். குங்குமம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் சிப்பி மாலை பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் வருவதைப் பார்த்ததும் அத்தை கையை நீட்டினாள்.

"செயின கழட்டிக் குடு. கூட்டத்துல எவனாச்சும் அறுத்துகினு பூடுவான்."

கழற்றிக் கொடுத்தேன். வாங்கியவள் உடனே போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையில் வைத்து, ஒவ்வொரு கண்ணியாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் துடைத்தாள். துடைத்த துணியைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் போட்டுக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "பஸ்ஸு வந்துடுச்சு, ஏறு" என்றாள்.

சில மாதம் கழித்து அத்தையின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. நகை எடுக்கக் கிளம்பி, அத்தை வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்பு. வெயிலு ஏறதுக்குள்ள போவணும்."

"நான் வரல அத்தே."

"இன்னா?"

"வரல. நீங்க உங்க கையிலயே வச்சிப் பாத்துக்கங்க."

அத்தைக்கு முதலில் கோபமே வரவில்லை. ஏணி பேசியதுபோல என்னைப் பார்த்தாள். பிறகுதான் குரல் உயர்ந்தது.

"உன் ஒடம்புலயே உருப்படியா கீறது அந்தக் கை ஒண்ணுதான். அதையும் குடுக்க மாட்டியா நீ?"

அப்பா உள்ளேயிருந்து, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போய்ட்டு வந்துடேம்மா. இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றார். நான் தூணோடு ஒட்டி நின்றேன். அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் குழம்புக் கரண்டி இருந்தது. என்னைத் தள்ளிப் பார்த்தாள். நான் நகரவில்லை. அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கரண்டியால் அடித்தாள். நான் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். அடி எல்லாம் இடது கையில்தான் விழுந்தது.

கை தடித்துக்கொண்டு எழும்பியது. அத்தை கிட்டே வந்து மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரக்கத்தோடு பார்க்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"தடம் வுழுந்துச்சி. இது இனிமே ஒதவாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அம்மா மஞ்சளும் உப்பும் குழைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கையைக் கொடுக்கவில்லை. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். காய்ந்து போயிருந்த அதை மறுநாள் நான்தான் கழுவி வைத்தேன்.

டைப்ரைட்டிங் பாஸானதும் கல்பாக்கத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் ஆபீசில் வேலை கிடைத்தது. தினமும் பஸ். அங்கே ஸ்டோரில் வேலை பார்த்தவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேரடியாகப் பெண் கேட்டார். என் நிறம்தான் அவரும். தஞ்சாவூர்ப் பக்கம். வேறு யாரும் கேட்டு வராததால் அப்பா சம்மதித்தார். கல்யாணம் திருக்கழுக்குன்றத்தில் நடந்தது. மணவறையில் எங்களைப் பார்த்து அத்தை கூட்டத்துக்குக் கேட்கும்படி, "ரெண்டும் ஒரே நெறம். எது பொண்ணு, எது மாப்ளன்னு வெளக்கு வச்சித்தான் பாக்கணும்" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் மாமியார் அம்மாவிடம் திரும்பி, "இவங்க யாரு?" என்று கேட்டார். "என் நாத்தனாருங்க" என்றாள் அம்மா. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தையை ஒருவர் யாரென்று கேட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். பெண் குழந்தை. மறுநாள் காலை அத்தை பார்க்க வந்தாள். அம்மா கட்டில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பி, காது மடலை இரண்டு விரலால் மடக்கி, பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறந்த குழந்தை இரண்டு நாள் சிவப்பாகத்தான் இருக்கும், பின்னால் என்ன நிறத்துக்கு வரும் என்பது காது மடலில் தெரிந்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"வெள்ளிதான்" என்றாள் அத்தை.

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னொரு தபா நல்லா பாருங்க அண்ணி. ஓரத்துல கொஞ்சம் செவப்பா இல்ல?"

அத்தை மறுபடி மடலை மடக்கினாள். குழந்தை சிணுங்கியது.

"கைய எடு" என்றேன்.

அத்தையை நான் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். அவள் கையை எடுக்கவில்லை. நான் அவள் விரல்களைப் பிடித்துப் பிரித்துக் குழந்தையின் தலையிலிருந்து அகற்றினேன். தையல் போட்ட இடம் வலித்தது. அத்தை அம்மாவைப் பார்த்தாள், வீட்டில் கரண்டியோடு நின்ற அன்றைக்குப் பார்த்ததுபோல. அம்மா ஒன்றும் செய்யவில்லை. "பெத்துட்டா, ராணியாட்டம் பேச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டே அத்தை வெளியே போனாள்.

வெகுநேரம் கழித்து அம்மாவிடம் கேட்டேன்.

"நான் பொறந்தப்பவும் இப்டிப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"இன்னா சொன்னாங்க?"

அம்மா துணியின் மூலைகளைச் சேர்த்துச் சேர்த்து மடித்தாள். "அவங்க ஒண்ணும் சொல்லல. மொதல்ல மடக்கிப் பாத்தது நானு. அழுததும் நான்தான்."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், செங்கல்பட்டு வீட்டுக்கு வேண்டாம், நேரே கல்பாக்கத்துக்குப் போகலாம் என்றேன். பச்சை உடம்போடு யாரும் அப்படிப் போக மாட்டார்கள் என்று நர்ஸ் கூடச் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்றே கிளம்பினோம். அம்மா பஸ் ஸ்டாண்டுவரை துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். தன்னையும் கூப்பிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, தனக்கும் ஒரு புடவையைப் பையில் வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறி என் காலடியில் பையை வைத்தாள். புடவையை மட்டும் எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் காதில் காற்று படாதபடி துணியை இழுத்து விட்டுவிட்டு இறங்கிக்கொண்டாள்.